ஒற்றை நட்சத்திரம்

அத்தியாயம் 6

காரவள்ளியைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பியது. கூடவே பூபாலனின் வயிறும் திரும்பியது.

"அக்கா, மொத்தம் எழுபது வளைவுங்களா?"

"எழுபதுதான்."

"அப்ப எழுபது பாலிதீன் கவர் வாங்கியிருக்கோணுமுங்க. ரெண்டுதான் இருக்குது."

வளர்மதி சிரிக்கவில்லை. நாமக்கல்லில் முட்டைக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிற அந்த அம்மாள், உதவியாளனின் நகைச்சுவைக்கு எப்போதும் அரைச் சிரிப்பாவது தருவாள். அதையும் தன் சம்பளத்தில் சேர்த்துத்தான் பூபாலன் கணக்குப் பார்த்து வைத்திருந்தான். இன்றைக்கு அந்தப் பாதியும் வரவில்லை. அவள் பார்வை ரோட்டிலேயே இருந்தது. காரணம், சற்று முன்னால் வந்த அந்த போன்.

அவர்கள் கிளம்பியது வேறொரு காரியத்துக்காக. கொல்லிமலையில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பிரிசில்லா ஒரு புகார் சொல்லியிருந்தாள். திண்டுக்கல் பெண், மலைக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம். ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவள். ஆனால் போனில் அவளுடைய ஆஸ்பத்திரியைத் தேடிப் பார்த்தால், ஆள் ஆளாக ஒற்றை நட்சத்திரம் போட்டு அதைப் பாதாளத்தில் தள்ளியிருந்தார்கள். "தங்கமான நர்சம்மா" என்று எழுதி, அதற்குக் கீழேயும் ஒரே ஒரு நட்சத்திரம். "கேலி வேற பண்றாங்க மேடம்," என்று அழுதிருந்தாள். மலைமேல் தேடினால் ஆஸ்பத்திரி கீழே கிடக்க, உச்சியில் ஒரு ஆசாமி உட்கார்ந்திருந்தான்: 'கொல்லிமலை பாம்புக்கடி வைத்தியர், 24 மணி நேரம், வீட்டுக்கே வருவோம்.' எல்லாம் அந்த வைத்தியனின் ஆட்கள் செய்யும் வேலை என்பது பிரிசில்லாவின் சந்தேகம். அந்த ஒற்றை நட்சத்திர எதிரியைக் கண்டுபிடிக்கத்தான் வளர்மதி மலையேறினாள்.

அடிவாரத்தில் பிரிசில்லாவிடமிருந்து அந்த போன் வந்தபோது எல்லாமே தலைகீழாகிப் போனது.

"மேடம், சென்னம்மாள்னு ஒரு அம்மா. தோட்டத்துல சருகு அள்ளறப்பப் பாம்பு கடிச்சிருக்கு. வீட்டுக்காரர் சின்னராசு பதட்டத்துல போன்ல தேடி, முதல்ல வந்த நம்பருக்குப் போட்டுட்டார். ஜீப் வந்து அந்தம்மாவை மட்டும் ஏத்திட்டுப் போயிடுச்சு."

"புருசனை ஏத்திக்கலியா?"

"கருங்கோழி ஒண்ணு புடிச்சிட்டு வா, இடம் அப்புறம் சொல்றோம்னு சொல்லிட்டு, இப்ப போனை அணைச்சு வெச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. போலீஸ் அருவிப் பக்கம் தேடிப் போயிருக்கு. இங்க ஊசி தயாரா இருக்கு மேடம், ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. ஆளுதான் இல்ல."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நரம்புல ஏறுற விஷமா இருந்தா முதல்ல ஒண்ணுமே தெரியாது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க. அப்புறம் கண்ணிமை கீழ இறங்கும்." என்றாள் பிரிசில்லா. "இமைக்கு அடுத்தது மூச்சு மேடம்."

அந்த வார்த்தைதான் இன்னும் காருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த வைத்தியன் பக்கத்துல முகவரி போட்டிருக்கா?" வளர்மதி கேட்டாள்.

"இல்லீங்க்கா. மறைச்சு வெச்சிருக்கான். வீட்டுக்கே வர்றவனுக்கு வீடு எதுக்குன்னு விட்டுட்டான் போல."

"சின்னராசு தேடின மாதிரியே தேடிப் பாரு. ரகசிய ஜன்னலைத் தொறந்து அதுல தேடு."

"எதுக்குங்க ரகசியம்?"

"நேத்து பூரா நீ அவன் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தே. உன்ற போனுக்கு அது ஞாபகம் இருக்கும். தெரிஞ்ச மொகம்னு மேல தூக்கி உக்கார வெச்சிரும். நமக்கு வேண்டியது தெரியாத கண்ணு."

பூபாலன் தேடினான். 'பாம்புக்கடி வைத்தியர் அருகில்.' விரலால் தள்ளினான். இன்னும் தள்ளினான்.

"அக்கா, இதென்ன கூத்து! முதல்ல இருக்கான்னு சொன்னாங்க, பதினாலாவதாக் கிடக்கறான். மேல பூராம் ராசிபுரம், நாமக்கல் ஆஸ்பத்திரிங்க."

அடுத்த வளைவு வந்தது. எதிரே பலாப்பழ லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டு இறங்கியது. கார் ஓரம் ஒதுங்கி நின்றது. லாரி போன பிறகும் வளர்மதி கியரைத் தொடவில்லை.

"சின்னராசு மலைமேல இருந்து தேடினாரு, நாம அடிவாரத்துல இருந்து தேடறோம்," என்றாள் மெதுவாக. "தேடுபொறி எல்லாருக்கும் ஒரே வரிசை குடுக்கறதில்ல பூபாலா. நட்சத்திரம் பாக்கும், எத்தனை பேரு பேசறாங்கன்னு பாக்கும், நீ கேட்ட வார்த்தை அவன் பேருல இருக்குதான்னு பாக்கும். அதோட, நீ நிக்கிற இடத்துக்கும் அவன் இடத்துக்கும் எவ்வளவு தூரம்னும் பாக்கும்."

"இடத்தைத்தான் மறைச்சுட்டானுங்களே?"

"நம்மகிட்ட மறைச்சிருக்கான். பேரைப் பதியறப்ப அதுகிட்டச் சொல்லித்தான் ஆகோணும். அது வெளிய சொல்லாது. ஆனா மனசுல வெச்சுத்தான் வரிசை போடும்."

பூபாலன் வயிற்றை மறந்தான். "அப்படீன்னா... கிட்டப் போகப் போக அவன் மேல ஏறுவான்!"

"நீ தேடிட்டே வா. நான் ஓட்டறேன்."

"என்ற பெரியப்பன் போர் போட நீரோட்டம் பாப்பாருங்க. உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுக் காட்டுக்குள்ள நடப்பாரு. தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். இப்ப இந்தப் போன்தானுங்க நம்ம தேங்கா."

கார் சீறிக்கொண்டு ஏறியது. வளைவுக்கு வளைவு பூபாலன் கூவினான். பன்னிரண்டு. பன்னிரண்டேதான். பத்து. தலையைக் குனிந்து திரையைப் பார்த்ததும் குடல் நெஞ்சுக்கு வந்தது. முதல் கவர் செலவானது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினான். நடுமலையில் சிக்னல் செத்துப்போனது. எங்கோ ஒரு பெண்ணின் இமை இறங்கிக்கொண்டிருக்குமா என்று இருவரும் ஒன்றையே நினைத்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்குமே பயம்.

மேலே ஏறியதும் காற்று குளிர்ந்தது. சிக்னல் உயிர்பெற்றது.

"ஆறுங்க்கா!"

ரோடு இரண்டாகப் பிரிந்தது. வளர்மதி அருவிப் பக்கம் திரும்பினாள். பூபாலன் தேடினான். "எட்டு. எறங்கிட்டான்!"

"போலீசு போன பக்கம் அவன் இல்ல." காரைப் பின்னுக்கு எடுத்து, மறுபக்கம் பைல் நாடு என்ற மலை ஊருக்குப் போகும் ரோட்டில் விட்டாள்.

"அஞ்சு... மூணு. அக்கா, மூணு!"

ஒரு பக்கம் மரவள்ளிக் காடு, மறுபக்கம் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. ரோடு ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு சின்ன ஊர் தெரிந்தது. ஓட்டு வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி.

"எந்திரிச்சிருச்சுங்க தேங்கா! முதலாவது! உச்சியில நிக்கறான்!"

வளர்மதி காரை நிறுத்தி இறங்கினாள். அங்கே தேடினாலும் முதல். நாற்பது அடி நடந்து தேடினாலும் முதல். ஊர்க் கோடிக்குப் போனாலும் முதல்தான்.

"ஊருக்குக் கொண்டாந்து விட்டுருச்சு, இனி இது பேசாது," என்றாள். "எந்த ஊடுன்னு நாமதான் கண்டுபிடிக்கோணும். கண்ட கதவையும் தட்டினோம்னா அவனுக்குச் சேதி போயிரும். அந்தம்மாவைத் தூக்கிட்டு வேற பக்கம் போயிருவான். அவனைப் புகழ்ந்து எழுதினவங்க யாராருன்னு பாரு."

பூபாலன் படித்தான். எல்லாம் அஞ்சு நட்சத்திரம். "'மிகவும் அருமையான சேவை.' இவன் பேரு என்னமோ குப்தா. இதே ஆளு டெல்லியில பல் டாக்டருக்கும், சூரத்துல டயர் கடைக்கும் இதே வரியைத்தான் எழுதியிருக்கான். பல்லு, டயரு, பாம்பு... பாவம், ஒரே வாரத்துல எத்தனை கஷ்டம் அந்த மனுசனுக்கு."

"காசு குடுத்து வாங்கின நட்சத்திரம். மேல போ."

"எல்லாமே அப்படித்தானுங்க... இருங்க, இருங்க. ஒருத்தர் மட்டும் ஒத்தை நட்சத்திரம் போட்டிருக்காரு! பேரு காளியண்ணன், பைல் நாடு. எழுத்து ஒண்ணும் இல்ல. போட்டோவுல செவப்புத் துண்டு. அக்கா, இந்த மலையிலயே நாயமான ஒரு மனுசன்! வைத்தியன்கிட்ட ஏமாந்து, கடுப்புல ஒண்ணு போட்டு விட்டிருக்காரு."

வளர்மதி ஒரு கணம் யோசித்தாள். "எதிரிதான் எடத்தைக் காட்டுவான். வா."

தலையில் கிழங்குக் கூடையோடு வந்த ஒரு பெண் வீட்டைக் காட்டினாள்.

முற்றம் முழுவதும் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிய ஐம்பத்தைந்து வயதுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டி மிளகு மூட்டை அடுக்குகிற கொட்டாய்; கதவு சாத்தியிருந்தது.

அவசரத்தில் பூபாலன் காலை வைக்கப் போனான்.

"ஐயோ சாமி, மிதிச்சிராதீங்க! அது ஒண்ணாம் நம்பரு!"

"மிளகுக்குக்கூட நம்பருங்களா?"

"பின்ன? கெட்டியா, கனமா இருக்கறது ஒண்ணாம் நம்பரு. அப்படியே ரெண்டு, மூணுன்னு எறங்கும். அதா அந்த மூலையில கெடக்குதே, அஞ்சாம் நம்பரு. வெறும் பொக்கு, உள்ள ஒண்ணும் இருக்காது. கோழி கூடக் கொத்தாது." அவர் நிமிர்ந்தார். "யாருங்க நீங்க?"

"ஏனுங்க, நீங்கதானே காளியண்ணன்?" வளர்மதி கேட்டாள். "பாம்புக்கடி வைத்தியரைத் தேடி வந்தோமுங்க."

முறம் நின்றது.

"அவனைப் பத்திப் போன்ல நீங்க ஒருத்தர்தானுங்க உண்மையைப் போட்டிருக்கீங்க," பூபாலன் உருகினான். "உங்க தைரியம் ஆருக்குங்க வரும்?"

காளியண்ணன் முகத்தில் ஒரு கூச்சம். "மனசுல பட்டதைப் போட்டனுங்க."

"ஒரு அம்மாவை ஜீப்புல தூக்கிட்டுப் போயிட்டானுங்க. உசுரு போற நேரம். போலீசும் தேடுது. எங்க இருப்பான்னு தெரியுமுங்களா?" என்றான் பூபாலன்.

காளியண்ணன் ஒண்ணாம் நம்பர் மிளகைக் கையால் அளைந்தார்.

"அவரு இங்க இல்லீங்களே. முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஊடு மாத்திட்டுப் போயிட்டாருங்க. இந்த ரோட்டுலயே எறங்கிப் போங்க. சீக்கிரம் போங்க."

நன்றி சொல்லக்கூட நேரமில்லை. இருவரும் ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள்.

இறக்கத்தில் கார் பறந்தது. பூபாலன் தேடினான். "ரெண்டு." இன்னும் கொஞ்ச தூரம். "மூணுங்க்கா. இந்தத் தேங்கா படுத்துக்குது."

"ஊடு மாத்தினவன் பதிவுல இடத்தை மாத்தாம விட்டிருக்கலாம்." வளர்மதியின் நெற்றி சுருங்கியது. "எனக்கு வேறொண்ணு உறுத்துது. ஏமாந்தவன் ஏமாத்தினவனை 'அவரு, அவரு'ன்னு மரியாதையாச் சொல்லுவானா?"

"நல்ல மனுசன், பழக்கம்."

அப்போது பிரிசில்லாவின் போன் வந்தது. "மேடம், சின்னராசு இங்க வந்துட்டார். உங்ககிட்டப் பேசணும்னு அழறார்."

போன் கைமாறியது. பின்னணியில் கோழி ஒன்று கேவியது. "ஏனுங்கம்மிணி, என்ற பொண்டாட்டி கெடைச்சாளுங்களா?"

"தேடிட்டுத்தான் இருக்கோமுங்க. தைரியமா இருங்க."

"என்ற கையை வெட்டிப் போடோணுமுங்க. போன்ல முதல்ல நின்னவன். முதல்னா நல்லதுதானேன்னு நெனைச்சுட்டேன். நர்சம்மா இருக்கறதைப் பதட்டத்துல மறந்துட்டனுங்களே! அவங்களுக்கு ஒண்ணாம் நம்பர் போட்டதே நாந்தானுங்க!"

வளர்மதியின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. "என்ன போட்டீங்க?"

"ஒண்ணாம் நம்பருங்க. என்ற மகனுக்குக் காய்ச்சல் வந்தப்ப ராவெல்லாம் உக்காந்து பாத்தாங்க. போறப்ப, போன்ல நட்சத்திரம் போடுங்கன்னாங்க. அஞ்சு இருந்துச்சு. நல்லதுக்கு ஒண்ணுதானுங்களே, ஒண்ணைத் தொட்டேன். ஊர்ல எல்லாத்தையும் ஒண்ணே போடச் சொன்னனுங்க. தங்கமான நர்சம்மான்னு எழுதுனதும் நாந்தானுங்க. எனக்கு அவ்வளவுதான் எழுத வரும்."

பிரேக் கிறீச்சிட்டது. பூபாலனின் தலை முன் கண்ணாடியில் இடித்தது.

போனில் அந்தக் கோழி கத்திக்கொண்டே இருந்தது.

எதிரி என்று ஒருவனும் இல்லை. பிரிசில்லாவை அதலபாதாளத்தில் தள்ளியது அவள்மேல் வைத்த அன்பு. அவள் காப்பாற்றிய ஒவ்வொரு வீடும் நன்றியோடு விரலை வைத்து ஒரு படி கீழே இறக்கிவிட்டிருந்தது. அந்தக் குழி வழியாகத்தான் வைத்தியன் மேலே ஏறினான். அதே வழியாகத்தான் சென்னம்மாள் உள்ளே விழுந்தாள்.

பூபாலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மெல்லத் திரும்பினான். "அப்ப... காளியண்ணன் போட்ட ஒண்ணு?"

"திட்டு இல்ல சாமி." வளர்மதி அதற்குள் காரைத் திருப்பியிருந்தாள். "கும்புடு. வைத்தியனைக் கும்புடறவன்கிட்டப் போய் நாம துப்புக் கேட்டிருக்கோம். போலீசு தேடுதுன்னும் சொல்லிட்டு வந்திருக்கோம்."

"சொன்னது நாந்தானுங்க்கா."

"தெரியும்."

பூபாலன் தேடிக்கொண்டே வந்தான். மூணு. ரெண்டு. திரையில் அந்தப் பெயர் மறுபடியும் உச்சியில் வந்து நின்றபோது, தேங்காய் பொய் சொல்லவில்லை, மனிதர்கள்தான் சொன்னார்கள் என்று அவனுக்குப் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸை பைல் நாட்டு ரோட்டுக்கு வரச் சொன்னான்.

முற்றத்தில் மிளகு அப்படியே கிடந்தது. காளியண்ணன் கொட்டாய்க் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் கொடுவாள். கதவிடுக்கில் கற்பூர வாசம்.

வளர்மதி குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, அந்தம்மா உள்ளதானுங்க இருக்கு."

"உள்ள சாமி காரியம் நடக்குதுங்க. நடுவுல ஆளு பூந்தா மருந்து கேக்காதுன்னு சொல்லியிருக்காரு. வந்தா ஊசி போட்டுக் கொன்னுருவாங்க, உடாதீங்கன்னாரு." அவர் கதவை விட்டு நகரவில்லை. "போன வருசம் என்னைப் பாம்பு கடிச்சப்ப அவர்தானுங்க காப்பாத்துனாரு. அந்தம்மாளும் பொழைக்கட்டும்னுதானுங்க நான் பொய் சொன்னேன்."

"வைத்தியர் எங்கீங்க?"

"பச்சிலை பறிக்கப் போயிருக்காரு."

"எப்ப?"

"நீங்க வந்துட்டுப் போனதும்."

வளர்மதி கொட்டாய்க்குப் பின்னாலிருந்து ரோட்டுக்குப் போகும் ஈர மண்ணைப் பார்த்தாள். புதிதாய்ப் பதிந்த டயர்த் தடம். "பச்சிலை பறிக்க ஜீப்பு எதுக்குங்கண்ணா?"

காளியண்ணனும் அந்தத் தடத்தைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பதுபோல.

"நான் உள்ள வரலீங்க, உங்களோட சண்டையும் போடலை," என்றாள் வளர்மதி. "நீங்களே கதவைத் தொறந்து அந்தம்மாளைக் கூப்புடுங்க. கண்ணைத் தொறந்து உங்களை ஒரு பார்வை பாக்கட்டும். பாத்துட்டா நாங்க போயிடறோம்."

எவ்வளவு நேரம் அவர் அப்படியே நின்றாரோ, பூபாலனுக்குத் தெரியாது. அவனுக்கு அது ஒரு யுகம். பிறகு கதவு முனகித் திறந்தது.

மூட்டைகளின் மேல் சாக்கு விரித்துச் சென்னம்மாளைப் படுக்க வைத்திருந்தார்கள். காலில் கட்டு, நெற்றியில் விபூதி, மூடிய கண்கள். மெல்ல ஏறி இறங்கும் நெஞ்சு.

"அம்மிணி," காளியண்ணன் குனிந்தார். "அம்மிணி, கண்ணைத் தொற. என்னையப் பாரு."

உதடு அசைந்தது. குரல் குழறி வந்தது.

"தொறந்துதானுங்கண்ணா இருக்குது."

இமைகள் மூடியே இருந்தன.

கொடுவாள் தரையில் விழுந்தது. அடுத்த கணம் காளியண்ணன் அவளைக் கைக்குழந்தையைப்போல் அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது காய்ந்துகொண்டிருந்த ஒண்ணாம் நம்பர் மிளகை மிதித்துச் சிதறடித்தார். பார்க்கவே இல்லை. "காரைத் தொறங்க! காரைத் தொறங்க சாமி!"

பின் இருக்கையில் பூபாலன் அவள் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டான். அவள் மூச்சு வர நேரமானபோது அவனும் அதுவரை மூச்சுவிடாமல் காத்திருந்தான். காளியண்ணன் அவள் பாதத்தைப் பற்றிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வேண்டுதலா அழுகையா என்று தெரியவில்லை. பாதி வழியில் ஆம்புலன்ஸின் வெளிச்சம் சுழன்று வந்தது. கதவைத் திறந்துகொண்டு குதித்தவள் பிரிசில்லா.

இமையைத் தூக்கிப் பார்த்தாள். "மூச்சு இருக்கு. ஏத்துங்க!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயில் சாய்ந்து, பலா மரத்து நிழல் சுவர்மேல் ஏறும்வரை அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஊசி ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சின்னராசு கருங்கோழியை மடியில் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார். யாரும் அதை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், காளியண்ணன் எழுந்து நின்றபடியே இருந்தார்.

இடையில் வளர்மதிக்கு ஒரு போன் வந்தது. ஜீப் தோட்டங்களுக்குள் குறுக்கு ரோட்டில் இறங்கிப் போய் முள்ளுக்குறிச்சி அடிவாரத்தில் போலீசிடம் மாட்டிக்கொண்டது. வைத்தியன் பேர் மணிவண்ணன், சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு ஆள், அதற்கு முன்னால் வேறு ஊரில் வேறு பேரில் மூல வைத்தியம் பார்த்தவன்.

"காளியண்ணன் சொன்ன பொய்யே கடைசியில நெசமாப் போச்சுங்க," என்றான் பூபாலன் தாழ்ந்த குரலில். "முள்ளுக்குறிச்சிக்குத்தான் போயிருக்கான்."

வளர்மதி பாதிச் சிரிப்புச் சிரித்தாள். காலையிலிருந்து பாக்கியிருந்த சம்பளம் அது.

விளக்குப் போடுகிற நேரத்தில் பிரிசில்லா வெளியே வந்தாள். முகமூடியைக் கழற்றினாள்.

"கண்ணை அரைவாசி தொறந்தாங்க," என்றாள். "முதல் வார்த்தையே, அடைக்கு வெச்ச கோழியவா புடிச்சிட்டுப் போனாருன்னு கேட்டாங்க."

சின்னராசு கோழியை அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் ஓவென்று அழுதார். கோழியும் சத்தம் போட்டது.

அப்புறம்தான் வளர்மதி அந்த நட்சத்திரக் கதையைச் சொன்னாள். பிரிசில்லா தன் போனை எடுத்து, பல நாளாகத் திறக்கப் பயந்த அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பிரசவம் பார்த்த வீடு. தேள் கொட்டிய பெண். காய்ச்சல் பையனின் அப்பா. ஒற்றை நட்சத்திரம், ஒற்றை நட்சத்திரம், ஒற்றை நட்சத்திரம். பல ராத்திரி அவள் தூக்கத்தைக் கெடுத்த அந்த எதிரிகள் எல்லாரும் அவளுக்கு இப்போது ஊர் முகங்களாகத் தெரிந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"இவ்வளவு பேரா," என்றாள்.

சேதி அதற்குள் பரவி, சென்னம்மாளைப் பார்க்க ஊர் ஜனம் ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்தது. பூபாலன் திண்டின் மேல் ஏறி நின்றான்.

"ஏனுங்க எல்லாரும் கேளுங்க! மிளகுக்குத்தான் ஒண்ணு உசத்தி. போனுக்கு அஞ்சுதான் உசத்தி. அது நம்மூரு மண்டிக்கு வந்ததில்ல, அதுக்கு நாயம் தெரியாது. ஆளுக்கு ஒரு தடவை நம்ம நர்சம்மாளுக்கு அஞ்சாம் நம்பர் போடுங்க!"

"பொக்குங்களா?" என்று ஒரு கிழவர் கோபித்தார்.

"பொக்குதானுங்க! தைரியமாப் போடுங்க!"

"இன்னைக்கே மேல ஏறாது," வளர்மதி பிரிசில்லாவிடம் சொன்னாள். "ஆனா ஏறும். நாளைக்கு உங்க பக்கத்துல பாம்புக்கடிக்கு ஊசி உண்டுன்னு இவங்க பேசற வார்த்தையிலயே எழுதிப் போடுங்க. பதட்டத்துல இருக்கறவங்க சர்க்கார் பேரைத் தேட மாட்டாங்க. கடிச்சதைத்தான் தேடுவாங்க."

வாசல் முழுக்கக் குனிந்த முகங்கள். ஒவ்வொன்றின்மேலும் போன் வெளிச்சம். கட்டைவிரல்கள் தயங்கித் தயங்கி ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டன.

எல்லாரும் முடித்த பிறகும் காளியண்ணன் மட்டும் போனை வைத்துக்கொண்டு நின்றார். கூச்சத்தோடு வளர்மதியின் பக்கம் வந்தார்.

"நர்சம்மாளுக்கு அஞ்சு போட்டுட்டனுங்க. அவனுக்கு, அந்த வைத்தியனுக்கு, மின்ன ஒண்ணு போட்டிருக்கறனே, அதை என்னங்க பண்ணட்டும்?"

'அவரு' போய் 'அவன்' ஆனதை வளர்மதி கவனித்தாள்.

"அதுல கை வைக்காதீங்கண்ணா," என்றாள். "அது சரியாத்தான் இருக்குது."